படித்துறையோடு முடிந்த பிரதி

நாஸிரிய்யா, 12 மார்ச் 1987

நாஜி மாமாவுக்கு, அக்கா மகள் பதூல் ஸலாம் சொல்லி எழுதுவது.

ஹிக்மத் அண்ணன் உயிரோடு இருக்கிறான். திங்கட்கிழமை, ஒன்பதாம் தேதி, பஸ்ரா செம்பிறைச் சங்க அலுவலகத்தில் எழுத்தர் யூனுஸ் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். அண்ணனின் கையெழுத்துதான். எல்லைக்கு அப்பால் ஒரு முகாமில் கைதியாக இருக்கிறான். தாளில் உள்ள தேதி டிசம்பர் நான்கு. ஃபா போர்முனையில் காணாமல் போய் ஒரு வருடமும் இருபத்தாறு நாளும் ஆனபிறகு நமக்குக் கிடைத்த முதல் உறுதியான தகவல் இது.

உங்கள் மூச்சிரைப்பு குறைந்ததா? மாமி நலமா? நான் நலம். வீடிழந்தவர்களைத் தங்கவைத்திருக்கும் இந்தப் பள்ளிக்கூட அறையில் என்னோடு இன்னும் ஐந்து குடும்பங்கள்தான். தொலைபேசி நிலையத்தில் இங்கேயே வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

டிசம்பர் நான்கு என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உம்மா போனது ஜனவரி இருபத்தொன்று. அவள் அடுப்படியில் நின்றபோது இந்தத் தாள் எங்கோ ஒரு பையில் கிடந்திருக்கிறது.

தாளில் பதினெட்டு வரி. குடும்ப விஷயம் தவிர வேறு எழுதினால் கறுப்பு மை பூசிவிடுவார்களாம். அதனால் அண்ணன் எழுதியிருக்கிறான்: "ஊர் நிலவரம் எழுதாதே. என் அலமாரியில் ஒரு புத்தகம் எடுத்துப் படித்து, அதைப் பற்றி எழுது. எனக்கு இங்கே படிக்க ஒன்றுமில்லை. இரண்டாம் தட்டில், பச்சை முதுகு உள்ள கலங்கரை விளக்கக் காவலன் கதையில் தொடங்கு. உம்மாவின் கைகளுக்கு முத்தம்."

அலமாரி எங்கே இருக்கிறது, மாமா? வீட்டோடு அதுவும் போயிற்று. உம்மா மவுத்தானதையும் வீடு போனதையும் அவனுக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த உம் ஜப்பார் என் பேனாவைப் பிடித்துவிட்டாள். அவள் மகன் ஜப்பாரும் அங்கே கைதியாகத்தான் இருக்கிறான். "வாப்பா மவுத்துன்னு எழுதிப்புட்டோம்மா. சாப்பிட மாட்டேங்குறான்னு கூட இருந்தவன் ஒருத்தன் எழுதினான். அதோட தாளே வரல. பதினோரு மாசம் ஆச்சு. நீ எழுதாதடி" என்றாள்.

நான் எழுதவில்லை. அவன் வரும்வரை உம்மாவும் வீடும் இருக்கட்டும். அந்தப் பச்சை முதுகுப் புத்தகம் உங்கள் கடையில் இருந்தால் அனுப்புங்கள். நான் பாடப்புத்தகம் தவிர எதையும் முடித்தவள் இல்லை. இதை முடிப்பேன். பஸ்ரா முகவரியை மாற்றவில்லை. மாதம் ஒரு திங்கட்கிழமை பஸ் ஏறிச் சங்க அலுவலகத்துக்குப் போய்த் தாள் வந்ததா என்று பார்த்து, அங்கிருந்தே அவனுக்கு எழுதுவேன்.

உங்கள் பதூல்


பாக்தாத், 2 ஏப்ரல் 1987

அக்கா மகள் பதூலுக்கு, உன் சுகத்தை வேண்டி மாமா எழுதுவது.

என் மூச்சு போய் வருகிறது. செய்தி கேட்டு மாமி கடைத்தெருவில் எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தாள், கொடுத்துக்கொண்டே அழுதாள். ஒரே முகத்தில் சந்தோஷமும் அழுகையும் எப்படி முடிகிறது என்று டீக்கடைக்காரன் கேட்டான்.

புத்தகம் இத்துடன் வருகிறது. உன் அண்ணனிடம் இருந்ததும் இதே பச்சை முதுகுதான், நான்தான் விற்றேன். பதினைந்து வயதில் கடைக்கு வந்து நின்றபடியே பாதியைப் படித்துவிட்டு, மீதிக்கு மட்டும் விலை கேட்டவன் அவன். நீயோ புத்தகத்தைத் தொட்டது அடுப்பு விசிறத்தான் என்பாள் அக்கா. முதல் இருபது பக்கம் பொறுத்துக்கொள். அதன்பிறகு அது உன்னைப் பார்த்துக்கொள்ளும்.

நீ செய்ய நினைப்பது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. செய்வதென்றால் ஒழுங்காகச் செய். உம்மா நலம் என்று மொட்டையாக எழுதாதே. என் அக்கா ஒருநாளும் நலம் என்று சொன்னதில்லை. முட்டி வலிக்கிறது என்பாள், அதற்கு நாலு பேரைத் திட்டுவாள்.

கூடவே நானாக ஒன்று வைத்திருக்கிறேன், முத்துக் குளிப்பவர்களின் கதை. பச்சை முடிந்தால் அதைத் தொடு.

நாஜி


பஸ்ரா, 4 மே 1987

அன்பு ஹிக்மத் அண்ணாவுக்கு, இறைவன் காக்கட்டும். உடம்பு எப்படி? பல்வலி விட்டதா? நாங்கள் இருக்கிறோம்.

பச்சை முதுகைத் தூசி தட்டி எடுத்தேன். முதல் இருபது பக்கம் கடல், கடல், கடல். கோபமாக வந்தது. பிறகு அந்தக் காவலன் தன் தனிமைக்கு ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்கிறானே, திங்கட்கிழமை கண்ணாடி துடைப்பது, செவ்வாய்க்கிழமை தன்னிடமே சண்டை போடுவது, அங்கே பிடித்துக்கொண்டது. செவ்வாய்ச் சண்டையில் எப்போதும் அவனே தோற்கிறான். பஸ்ஸில் படித்துச் சிரித்தேன், பக்கத்திலிருந்த கிழவர் நகர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருடம் இதையா எனக்குக் காட்டாமல் வைத்திருந்தாய்?

கூடவே நாஜி மாமா ஒரு முத்துக் குளிப்பவர்கள் கதை தந்தார். அதையும் முடித்துவிட்டேன். அடுத்தது சொல்.

உம்மா எழுதச் சொன்னது: "முட்டி வலிக்குதுடா, கேக்க ஆளில்ல. உன் தங்கச்சியும் இப்ப உன்ன மாதிரி ஆயிட்டா. வெண்டைக்காய் பாமியா அடிப்பிடிக்குது, இவ பக்கத்தப் புரட்டிக்கிட்டு நிக்கிறா. ஈரக் காலோட படுக்காத."

பதூல்


முகாம், 19 ஆகஸ்ட் 1987

தங்கை பதூலுக்கு, உன் நலமே என் நலம். பல்லைப் பிடுங்கியாயிற்று. வேறு குறை இல்லை.

உன் தாள் வந்த நாள் எங்கள் கூடத்துக்கே பெருநாள். நாற்பத்திரண்டு பேர் இருக்கிறோம். மதியத் தொழுகைக்குப் பிறகு ஒரு மணி நேரம் நான் கதை சொல்கிறேன். சுங்கக் குமாஸ்தாவாக இருந்தவனை வாத்தியார் ஆக்கிவிட்டார்கள். காவலன் கதையை உன் செவ்வாய்ச் சண்டையோடு மறுபடி சொன்னேன். நான் மறந்துபோயிருந்த இடம் அது. ஹில்லாவிலிருந்து வந்த கழீம் என்றொரு ரொட்டிக்காரன், உடம்பு பெருத்தவன், "காவலன் மேல ஏறுறப்ப படிய எண்ணாத வாத்தியாரே, எனக்கு மூச்சு வாங்குது" என்கிறான்.

மாமாவின் முத்துக் குளிப்பவர்கள் எனக்குப் புதிது. நான் படிக்காத புத்தகத்தை எனக்கு முன்னால் நீ படித்துவிட்டாய். அதை வரிவரியாக எழுது.

அடுத்தது, கீழ்த்தட்டு, வலது மூலை, ஒல்லியானது. உப்பு விற்கிற ஒருத்தியின் கதை. மகன் மீன் படகில் போனவன். அவள் தினமும் படித்துறைக்கு வந்து நிற்பாள். அதை இங்கே மூன்று தடவை சொல்லியிருக்கிறேன்.

உம்மாவிடம் சொல், ஈரக் காலோடு படுக்கவில்லை. அவள் கைகளுக்கு முத்தம்.

ஹிக்மத்


நாஸிரிய்யா, 20 அக்டோபர் 1987

நாஜி மாமாவுக்கு ஸலாம். குளிர் தொடங்கும் முன் நெஞ்சுக்கு மருந்து வாங்கி வைத்துக்கொண்டீர்களா?

அண்ணனின் இரண்டாம் தாள் நேற்று கிடைத்தது. அவன் சொல்லும் உப்புக்காரி கதையை எப்படியாவது தேடிக் கொடுங்கள்.

அதன்பிறகு நீங்கள் அனுப்பிய மூன்றும் முடிந்தன. பள்ளிக்கூட அறைப் பெண்கள் என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்கிறார்கள். கதாநாயகி முட்டாள்தனம் செய்யும்போது எல்லோருமாகத் திட்டுகிறோம். நன்றாக இருக்கிறது. மற்ற நேரம் எப்படி என்று கேட்காதீர்கள்.

உம்மாவின் வரியை எழுதுவதுதான் முதலில் கஷ்டமாக இருந்தது. இப்போது அதுதான் சுலபம். போன மாதம் அவள் ஏதோ சொன்னாள் என்று எழுதப்போய், "இல்லம்மா, அது சரியில்ல" என்று வாய்விட்டே பதில் சொல்லிவிட்டேன். எதிர்ப்பாயில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் அவளுடைய கைகளுக்கு முத்தம் அனுப்புகிறான், மாமா. நான் வாங்கி எங்கே வைப்பது?

உம் ஜப்பாரின் மகனிடமிருந்து இன்னும் தாள் இல்லை.

பதூல்


பாக்தாத், 11 நவம்பர் 1987

அக்கா மகளே, நலம்தானே? என் மருந்து வாங்கியாயிற்று, மாமி பாட்டிலை ஒளித்து வைத்திருக்கிறாள், நான் நிறையக் குடிப்பேனாம்.

உப்புக்காரி கிடைத்துவிட்டாள். கெய்ரோவில் அச்சிட்ட சிறு பதிப்பு ஒன்று எல்லாக் கடையிலும் தொங்குகிறது. அந்த வரிசையில் எந்தக் கதையானாலும் நூற்றிருபத்தெட்டுப் பக்கத்துக்குள் அடங்க வேண்டும், அடங்காததை வெட்டிவிடுவார்கள். அந்தக் குப்பையை என் அக்கா மகளுக்கு நான் அனுப்புவேனா? இது பெய்ரூட்டில் வந்த முழு மொழிபெயர்ப்பு. நாலு கடை ஏறி இறங்கினேன். நிதானமாகப் படி.

நாஜி


பஸ்ரா, 14 டிசம்பர் 1987

அன்பு அண்ணாவுக்கு, குளிருக்குப் போர்வை கொடுத்தார்களா? எனக்குச் சளி, வேறொன்றுமில்லை.

உப்புக்காரியைப் படித்து முடித்தேன். எழுதத் தெரியவில்லை. தராசைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பாளே, அவளை எனக்குத் தெரியும் போல இருந்தது. கடைசியில், மகன் மறுபடி படகில் போன அந்தக் குளிர்காலத்தில் அவள் இறந்துபோகிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அவளுடைய விரிப்புகளை மடிக்கிறார்கள். ஒருத்தி சீப்பை எடுக்கிறாள், அதில் நரைமுடி நாலு சுற்றிக்கொண்டிருக்கிறது, அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நிற்கிறாள். அங்கே புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். பிறகு மகன் திரும்பி வந்து அவள் வீட்டு ஜன்னலில் வேறு ஒருத்தியைப் பார்ப்பதை மறுநாள்தான் படித்தேன். அவனிடம் யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். யார் சொல்வது என்றும் தெரியவில்லை.

இதைவிட நல்ல புத்தகம் நான் படித்ததில்லை. இன்னொரு தடவை படிக்கமாட்டேன்.

உம்மா எழுதச் சொன்னது: "இவ அழுதுகிட்டே இருக்கா, என்னடின்னா கதைங்கறா. கதைக்கு அழுவுற அளவுக்கு வேலையில்லாமப் போச்சா? நீ கழுத்துல துணி சுத்திக்க."

பதூல்


முகாம், 22 மார்ச் 1988

தங்கை பதூலுக்கு. நான் நலம். உன் சளி விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

என் பிரதி படித்துறையோடு முடிகிறது. நூற்றிருபத்தெட்டாம் பக்கம். படகு கரையைத் தொடுகிறது, மகன் குதிக்கிறான், அவள் தராசைக் கீழே வைக்கிறாள். அதற்குப் பின் அட்டைதான். குளிர்காலம் இல்லை, சீப்பு இல்லை, ஜன்னல் இல்லை.

நீ சொன்னதை நீயாகக் கட்டியிருக்க முடியாது. அது எங்கோ அச்சில் இருக்கிறது. என் அலமாரியில் அது இருந்ததில்லை.

பதூல், நீ யாருடைய பிரதியைப் படித்தாய்?

ஹிக்மத்


நாஸிரிய்யா, 12 ஜூலை 1988

மாமாவுக்கு ஸலாம். உங்கள் கால் வீக்கம் வற்றியதா?

அண்ணனின் தாளை அப்படியே பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நேற்றுத்தான் கைக்கு வந்தது. படித்ததும் உங்களுக்குப் புரியும். உங்கள்மேல் தவறில்லை. நான்தான் அந்தச் சீப்பை எழுதியிருக்கக் கூடாது. உம்மாவைப் பற்றி யாரிடமும் பேச முடியாமல் அதைப் பற்றியாவது பேசினேன்.

அவன் அலமாரியைப் பற்றித்தான் கேட்கிறான். ஆனால் கடைசி வரியைப் பாருங்கள். இந்த முறை உம்மாவின் கைகளுக்கு முத்தம் அனுப்பவில்லை.

என்ன எழுதட்டும்?

பதூல்


பாக்தாத், 28 ஆகஸ்ட் 1988

பதூலுக்கு. கால் வீக்கம் அப்படியே இருக்கிறது, அதை விடு. தெருவில் இன்னும் மேளம் அடிக்கிறார்கள், போர் நின்றதற்கு. நான் கடையைப் பாதி சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

முப்பத்தோரு வருடம் புத்தகம் விற்றிருக்கிறேன். எந்தப் பிரதி யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று பெருமை அடித்துக்கொண்டவன். அவன் சிறு பதிப்பை வேறு கடையில் வாங்கியிருக்கிறான், என்னிடம் சொல்ல வெட்கப்பட்டிருப்பான். நான் அவனிடம் இருந்ததை அனுப்பவில்லை, எனக்குச் சிறந்தது என்று பட்டதை அனுப்பினேன். மாமி ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "உங்க கவுரவத்தக் கட்டி அனுப்புனீங்க."

எழுதிவிடு. அவன் பாதி படித்துவிட்டான். மீதியை அவனே கற்பனை செய்துகொள்ளும்படி விடாதே, அது இன்னும் கொடியது. நடந்ததை நடந்தபடி, தேதியோடு எழுது. உன்னால் முடியாவிட்டால் சொல், நான் எழுதுகிறேன்.

நாஜி


பஸ்ரா, 5 செப்டம்பர் 1988

அன்பு ஹிக்மத் அண்ணாவுக்கு. இதை உட்கார்ந்து படி. பக்கத்தில் கழீம் இருந்தால் நல்லது.

நான் படித்தது நாஜி மாமா அனுப்பிய பெய்ரூட் பதிப்பு. உன் அலமாரி இல்லை. வீடு இல்லை. 1987 ஜனவரி 21, புதன்கிழமை, காலை பத்து பத்துக்கு விழுந்தது. ஏன் விழுந்தது என்று எழுதினால் கறுப்பு மை பூசுவார்கள்.

உம்மா உள்ளே இருந்தாள். நான் வேலையில் இருந்தேன். நான் பார்க்கவில்லை, இனிச் சொல்வது பக்கத்து வீட்டு உம் கரீம் சொன்னது. உம்மா காய்ந்த எலுமிச்சைத் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, சுவர் வழியாக அவளிடம் தீப்பெட்டி கேட்டிருக்கிறாள். உம் கரீம் அதை எடுக்கத் திரும்பிய நேரம்தான் வீடு விழுந்தது. உடனே போய்விட்டாள் என்று மருத்துவர் சொன்னார். மறுநாள் டாக்ஸிக் கூரைமேல் பெட்டியைக் கட்டி, மாமாவும் நானும் அடக்கம் செய்ய நஜஃபுக்குக் கொண்டுபோனோம். வாப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறாள்.

நீ உயிரோடு இருக்கிறாய் என்று அவளுக்குத் தெரியாது. அது எனக்குத் தெரிந்ததே நாற்பத்தேழு நாள் கழித்துத்தான்.

தாள்களின் கடைசியில் அவள் சொன்னதாக எழுதியதெல்லாம் நான் எழுதியது. ஒன்றுகூட அவள் சொன்னதில்லை. நீ சாப்பிடாமல் இருந்துவிடுவாய் என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை.

மன்னிப்பாயா என்று கேட்கவில்லை. சாப்பிடுகிறாயா என்று மட்டும் எழுது.

பதூல்


முகாம், 9 ஜனவரி 1989

தங்கை பதூலுக்கு.

சாப்பிடுகிறேன். முதலில் அதை எழுதிவிட்டேன். உன் தாள் டிசம்பர் இருபத்தெட்டில் வந்தது. அன்று என் சோற்றைக் கழீமுக்குக் கொடுத்தேன். மறுநாள் அவன் சோற்றில் பாதியை எனக்கு வைத்து, சாப்பிடும்வரை எழுந்து போகவில்லை. வேறு நோய் இல்லை.

மூன்று நாள் உம்மாவுக்காகக் கூடத்தில் உட்கார்ந்தோம். துக்கத்துக்குக் கொடுக்கும் கசப்புக் காபிக்கு வழியில்லை. கருகின ரொட்டியை வெந்நீரில் ஊறவைத்துச் சுற்றிக் கொடுத்தார்கள். நாற்பத்தொரு பேரும் குடித்தார்கள்.

நாலாம் நாள் கதை கேட்டார்கள். உப்புக்காரியை உன் குளிர்காலத்தோடு முழுவதும் சொன்னேன். கழீம், "பழைய முடிவே இருந்திருக்கலாம் வாத்தியாரே" என்றான். ஆனால் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.

உன் தாள்கள் ஐந்தையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். உம்மா சொல்லியிருக்கமாட்டாள் என்று ஒரு வார்த்தையாவது அகப்படுமா என்று தேடினேன். அகப்படவில்லை. பிறகு வேறொன்று கண்ணில் பட்டது. காவலன் இருக்கிறான், முத்துக் குளிப்பவர்கள் இருக்கிறார்கள், உம்மாவின் முட்டி இருக்கிறது. நீ எங்கேயும் இல்லை. நானும் கேட்டதில்லை, அடுத்த புத்தகத்தைத்தான் சொன்னேன்.

விடுதலையாகி ஊர் திரும்பும் நோயாளிகளின் பட்டியல் போய்விட்டது. அதில் என் பெயர் இல்லை. அடுத்த பட்டியல் பற்றி யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. சங்கத்தின் பிரதிநிதி ஏப்ரல் இருபதாம் தேதி திரும்ப வருவதாகச் சொல்லியிருக்கிறார், வந்தால் தாள்களும் வரும். அதில் உன்னுடையது ஒன்று இருக்க வேண்டும். எந்த ஊரில் இருக்கிறாய், எந்த அறையில் படுக்கிறாய், யாரோடு சாப்பிடுகிறாய். அந்தப் புதன்கிழமை உன்னிடம் வந்து சொன்னது யார், அப்போது பக்கத்தில் யாராவது இருந்தார்களா. இந்த முறை புத்தகம் வேண்டாம். பதினெட்டு வரியும் உன்னைப் பற்றி எழுது.

ஹிக்மத்